மூன்று கிலோ சத்தம்

என் அக்காவின் கணவர் கல்யாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் வாசிக்கிற ஒரு பேண்டு நடத்திவந்தார். நடத்திவந்ததாக அவர்தான் சொல்லிக்கொள்வார். அதில் டிரம்ஸ் வாசித்தவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்தார். பாடியவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். இரண்டு பேருமே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்தவர்கள். அத்தான் மட்டும் தன் சட்டைப்பையில் பேண்டின் பெயர் அச்சடித்த கார்டு வைத்திருந்தார். அதில் அவர் பெயர் பேண்டின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

சிங்கப்பூரில் எழுபதுகளின் நடுப்பகுதி அது. அத்தானுக்கு செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க் வேலை. பிரிட்டிஷ்காரர்கள் கடற்படைத் தளத்தைக் காலி செய்துகொண்டு போன சமயம், ஒரு கடற்படைக்காரன் ஊருக்குக் கொண்டுபோக முடியாமல் விட்டுப்போன கிதார் ஆம்ப்ளிஃபையர் அவர் கைக்கு வந்திருந்தது. ஒருவனால் தூக்க முடியாமல் விட்டுப்போன சாமானை மற்றவர்களை வாழ்நாள் முழுக்கத் தூக்கவைப்பதில் என்ன பெருமை இருக்கிறதோ, அத்தானுக்கு அது இருந்தது. மொத்தம் மூன்று உருப்படி. மேலே வால்வுகள் அடங்கிய ஹெட். கிதாரின் ஒலியைப் பெருக்குவது அதுதான். அதற்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். மூன்றையும் அடுக்கினால் அத்தானைவிட நாலு விரல் உயரம். கப்பல் தளத்தில் வாசிக்கச் செய்ததை அவர் கல்யாணத் தேநீர் விருந்தில் வைத்து வாசித்தார்.

அவர்கள் வீடு உட்லண்ட்ஸில் ஏழாவது மாடியில். அந்த அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தபால் அண்ணனும் ஆசிரியரும் மூச்சு வாங்க அந்தப் பெட்டிகளை இரண்டு மாடி இறக்குவார்கள், திரும்பி வந்ததும் இரண்டு மாடி ஏற்றுவார்கள். அத்தான் மைக் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார். முதுகு சரியில்லை என்பார். அதே முதுகு சனிக்கிழமைகளில் பேட்மிண்டன் ஆடும்.

இரண்டாவது கிதார் வாசித்த பையன் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்குப் போனதும் அந்த இடத்துக்கு என்னை வரச்சொன்னார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எங்கள் மாதா கோவிலில் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு ஏழு வருஷமாக கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். பகலில் தோ பாயோவில் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் வேலை. முதலில் போர்டுகளில் ஈயம் வைக்கும் வரிசையில் இருந்தேன். பிறகு, வேலை செய்யாத ரேடியோக்களைத் திறந்து ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அந்த மேசையில் உட்கார்ந்த மூன்று பெண்களில் நான் ஒருத்தி.

அத்தான் என்னை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம மச்சினி, சும்மா சேர்ந்து வாசிக்குது" என்பார். பேண்டுக்கென்று வேறு ஆம்ப் கிடையாது. அவருடைய ஹெட்டிலேயே இரண்டு கிதார் செருக இடம் உண்டு. ஒன்றில் அவர், இன்னொன்றில் நான். பயிற்சி எடுப்பது அவர்கள் வீட்டு ஹாலில். பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் செய்வார்கள் என்பதால் அங்கே ஆம்ப் போடுவதில்லை. அதனால் பயிற்சியில் நான் வாசிப்பது எல்லாருக்கும் கேட்கும். மேடையில் எனக்கே கேட்காது. அவர் சத்தம் அவ்வளவு. என் கிதார் அதற்குள் எங்கோ கலந்து ஒலிக்கிறது என்று நம்பினேன். கேட்காததை ஒரு விதமான அடக்கம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாட்களின் என்னை நினைத்தால் அத்தானைவிட எனக்கு என் மேல்தான் இளக்காரம் அதிகம்.

நாலு மாதம் அப்படி ஓடியது. ஒரு ஞாயிறு கோவில் மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்து. பாட்டின் நடுவே ஒரு குழந்தை ஓடிவந்து மேடையில் மோதி, கையிலிருந்த பண்டோங்கை என் கிதார் மேல் கொட்டிவிட்டது. ரோஸ் நிறப் பால் கம்பிகளுக்கு இடையில் இறங்கியது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பாவாடை நுனியால் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், பாட்டில் எதுவும் குறையவில்லை. நான் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

பாட்டு முடிந்து எல்லாரும் கேக் சாப்பிடப் போனபோது ஹெட்டின் முன்னால் குனிந்து பார்த்தேன். என் பக்கத்து வால்யூம் குமிழ் சைபரில் இருந்தது. அதில் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் அது அங்கிருந்து அசைந்தே பல மாதம் ஆகியிருக்கும் போலத் தோன்றியது.

அத்தானிடம் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. கேக்கை மென்றுகொண்டே சொன்னார்:

"மேடையில ஒரு பொண்ணு கிதாரோட நின்னா பார்க்க நல்லாருக்குலா. கேட்கணும்னு அவசியமா? சவுண்டு நான் பார்த்துக்கறேன்."

அடுத்த பாட்டுக்குப் போய் நின்றேன், மாலை வரை சைபரிலேயே வாசித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, அக்கா குடும்பம், வாயைத் திறக்காதே என்றார். அக்காவிடம் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. என் அக்கா அந்த வீட்டில் பேசியதைவிட மடித்ததுதான் அதிகம்.

எனக்கென்று ஒரு ஆம்ப் வேண்டும் என்று முடிவு செய்தேன். கடையில் இருந்ததெல்லாம் அத்தானுடையதைப் போலப் பெரிய உருப்படிகள், அல்லது பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்தவை. என் தேவை வேறு. எங்கள் வீடு இருந்த செம்பவாங்கிலிருந்து பஸ்ஸில், ஒரு தோளில் கிதாரும் ஒரு கையில் ஆம்புமாக, யாரையும் கூப்பிடாமல் நானே கொண்டுபோக வேண்டும். நாற்பது ஐம்பது பேர் உட்காரும் இடத்துக்குக் கேட்டால் போதும். வால்வு வேண்டாம், டிரான்சிஸ்டர் போதும். ஹெட் மட்டும் தனி. ஸ்பீக்கருக்கு ஒரு சின்னப் பெட்டி.

பிராஸ் பாசா ரோட்டுப் பழைய புத்தகக் கடையில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை கிடைத்தது. அதிலிருந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு எனக்கு வேண்டியபடி மாற்றினேன். சாமான்களை சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்துப் போட்டிருந்தவர்களிடம் தேடித்தேடி வாங்கினேன். அலுமினியத் தகட்டை ஜாலான் புசார் பக்கம் ஒரு பட்டறையில் வளைத்து வாங்கினேன். ஆறு வாரம், வேலை முடிந்து வந்து, எங்கள் சமையலறை மேசையில் செய்தேன். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் ஒரு ரெசிஸ்டர் கருகி, வறுத்த கருவாட்டு வாசம் அடித்தது. இரண்டாவது தடவை 'உர்ர்' என்று ஓயாமல் முனகியது. எர்த் கம்பியை இடம் மாற்றி வைத்ததும் முனகல் நின்றது. கிதாரைச் செருகி ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். தெளிவாக, என் விரல் தொட்டது தொட்டபடியே கேட்டது. இவ்வளவு நாளும் என்னிடமிருந்து ஒளித்துவைத்திருந்த ஒன்றைக் கேட்பது போலிருந்தது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தம் நல்லா இருக்கே என்றார்.

ஹெட்டை எடை பார்த்தேன். மூன்று கிலோ. மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகும் பிளாஸ்டிக் பைக்குள் போய்விட்டது.

பயிற்சிக்கு அதைக் கொண்டுபோன அன்று அத்தான் எல்லார் முன்னாலும் அதை டிபன் கேரியர் என்றார். தபால் அண்ணன் சிரித்தார், ஆசிரியர் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்து, ஃபேக்டரியில் சுட்டதா என்று கேட்டார். எங்கள் தொழிற்சாலையில் தினம் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும். ஒரு ஸ்குரூ ஆணி கூட வெளியே வராது. அதைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் சிரித்தேன். நிகழ்ச்சிகளில் அதை மேடைத் துணிக்குப் பின்னால் மறைத்துவைக்கச் சொன்னார். பேண்டுக்குக் கௌரவம் இருக்கிறதாம்.

அவருடைய விரல்கள் மோசமானவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு ஹாலில், ஆம்ப் இல்லாமல், அவர் மெதுவாக வாசிக்கும்போது நின்று கேட்கலாம் போலிருக்கும். அதனால்தான் எனக்கு எரிச்சல். ஒன்றும் வராத ஆள் சத்தத்தில் ஒளிந்துகொண்டால் புரிந்துகொள்ளலாம். கேட்கத் தகுந்ததை வைத்துக்கொண்டு அதை யாரும் கேட்க முடியாதபடி வாசித்த மனிதரை என்னவென்று சொல்வது? விருந்துகளில் கிழவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போவார்கள். பாட்டு மனசைத் தொட்டுவிட்டது, அதான் எழுந்து போகிறார்கள் என்று நினைத்தார் அத்தான்.

தேக்காவில் தையல்கடை வைத்திருந்த ஒருவர் தன் பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கு எங்களை அழைத்தார். கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் அவர் வீடு. நாற்பது பேருக்கு மேல் போனால் மூச்சு விட முடியாது. அந்த வீட்டுக்கு, மூன்று மாதக் குழந்தையின் விருந்துக்கு, அத்தான் அந்த மூன்று உருப்படிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

நான் பஸ்ஸில் முன்னாலேயே வந்து மேலே போய்விட்டிருந்தேன். அந்தப் பழைய கடைவீடுகளின் மரப்படி ஒரு ஆள் அகலம்தான். இரண்டாவது மாடி திரும்புகிற இடத்தில் முதல் ஸ்பீக்கர் பெட்டி சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தபால் அண்ணன் பெட்டிக்கு மேல்பக்கம் மாட்டிக்கொண்டார். அத்தான் கீழே நின்று, இப்படிச் சாய், அப்படித் திருப்பு என்று கை காட்டிக்கொண்டிருந்தார். கோவிலிலிருந்து திரும்பிய விருந்தாளிகள் ஒவ்வொருவராகப் படிக்கட்டின் அடியில் சேர்ந்தார்கள். குழந்தையின் தாயார் வெள்ளை உடுப்புப் போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில், துணிச்சுருள்களின் நடுவே, வியர்த்துப்போய் நின்றார். அவரைப் பார்த்தும் அத்தான் பெட்டியை வெளியே இழுக்கச் சொல்லவில்லை. இன்னொரு தரம் முயற்சி பண்ணலாம் என்றார்.

கடைசியில் தையல்கடைக்காரரே கைப்பிடியின் இரண்டு கட்டைகளைக் கழற்றி, பெட்டியைக் கீழே இறக்க வைத்தார். விருந்தாளிகள் மேலே வந்தார்கள். தபால் அண்ணன் ஒரே ஒரு சின்ன டிரம்மை எடுத்து வைத்துக்கொண்டார், ஆசிரியர் மைக் இல்லாமலே பாடத் தயாரானார், நான் பையிலிருந்து என் ஹெட்டை எடுத்து, சின்ன ஸ்பீக்கரில் மாட்டி, ஒரு நாற்காலி மேல் எல்லாரும் பார்க்கும்படி வைத்தேன். வாசித்தோம். பேசுகிறவர்கள் பேசினார்கள், கேட்கிறவர்கள் கேட்டார்கள், குழந்தை தூங்கியது. அத்தான் அரை மணி நேரம் கழித்து மேலே வந்தார். பெட்டிகளைக் காவல் காத்ததாகச் சொன்னார். அவர் கிதாருக்கும் என் ஹெட்டில் ஒரு இடம் கொடுத்தேன். குமிழை என்னுடைய அளவுக்கே சரியாக வைத்தேன். சைபரில் வைக்க ஆசையாகத்தான் இருந்தது.

சாப்பாட்டின்போது தையல்கடைக்காரர் தட்டை ஏந்திக்கொண்டு வந்து, இந்தச் சின்னப் பெட்டியிலிருந்தா இவ்வளவு சுத்தமாகக் கேட்டது என்று விசாரித்தார். நான் வாயைத் திறக்குமுன் அத்தான் முந்திக்கொண்டார்.

"சின்ன இடத்துக்குன்னே நான் யோசிச்சு செய்யவச்சது. டிசைன் நம்மளது. மச்சினி ஈயம் மட்டும் வச்சுது."

என் தட்டைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன்:

"அதுல ஃபியூஸ் எங்க இருக்கு, அத்தான்?"

"ஃபியூஸ் எங்க இருக்கும், பின்னாடிதான்" என்றார்.

நாற்காலியிலிருந்து ஹெட்டை எடுத்து அதன் பின்பக்கத்தை அவர்களுக்குக் காட்டினேன். மின்கம்பி வருகிற ஓட்டை, ஸ்பீக்கர் செருகும் இடம், வேறு ஒன்றும் இல்லை. ஃபியூஸை உள்ளே வைத்திருந்தேன். தபால் அண்ணன் பிரியாணியில் எதையோ தேட ஆரம்பித்தார். தையல்கடைக்காரர் நல்ல மனிதர். அத்தானுக்கு இன்னும் கொஞ்சம் கறி வைக்கச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்தார்.

இதோடு அவர் அடங்கியிருப்பார் என்று நினைப்பவர்கள் அத்தானைத் தெரியாதவர்கள். இரண்டு வாரம் கழித்து, வேலை நேரம் மாறி, பயிற்சியிலிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனதால், ஹெட்டை அக்கா வீட்டில் விட்டுப்போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை நான் தொழிற்சாலையில் இருந்தபோது, தஞ்சோங் பகாரில் தன் ஆபீஸ் நண்பர் வீட்டு விசேஷத்துக்கு அதை எடுத்துப்போய்விட்டார். கேட்கவில்லை. அக்காவிடம் மட்டும், தங்கச்சிதான் எடுத்துக்கச் சொன்னாள் என்றிருக்கிறார். அதோடு தன்னுடைய இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையும் சேர்த்து மாட்டி, குமிழைக் கடைசி வரை திருப்பியிருக்கிறார். நான் ஒரு சின்ன ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டுச் செய்தது அது.

ஞாயிறு காலை பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஹெட்டை ஒரு குளிக்கிற துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார், அடிபட்ட பூனையைக் கொடுப்பது போல.

"கொஞ்சம் பவர் ஏத்தினதும் செத்துப்போச்சு. நான்தான் முதல்லயே சொன்னேனே, இதெல்லாம் தாங்காதுன்னு."

அங்கேயே, அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். இரண்டு பவர் டிரான்சிஸ்டரும் போயிருந்தன. போர்டு ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. மூடினேன். அவருக்கு விளக்கிச் சொல்ல வாயெடுத்து, யாருக்காக என்று நிறுத்திக்கொண்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்பட எதிரில் ஒரு ஆள் வேண்டும். அன்று எனக்கு அந்த நாற்காலியில் ஒரு சிவப்பு டீ-சட்டையும் ஒரு மீசையும் மட்டும்தான் தெரிந்தன.

"இனிமே நான் வரல, அத்தான்."

"நீ இல்லாட்டி பேண்டு நின்னுடுமா?"

புது டிரான்சிஸ்டர் போட்டு ஒரே சாயங்காலத்தில் சரிசெய்துவிட்டேன். நான் விலகியதால் பேண்டு நிற்கவில்லை. நாலு மாதம் கழித்து, ஒன்பதாவது மாடியில் ஒரு பிறந்தநாள் விழாவில், பாதிப் பாட்டில் வீட்டுக்காரர் போய் மின்சுவிட்சையே அணைத்தபோது நின்றது. ஆசிரியர்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, தபால் அண்ணனும் தானும் என்னோடு சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார். என்னை மச்சினியாக இல்லாமல் கிதார்க்காரியாக யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை. ஒத்துக்கொண்டேன்.

அதிலிருந்து எண்பதுகள் முடியும் வரை நாங்கள் மூவரும் சின்ன இடங்களில் வாசித்தோம். வீட்டு விருந்துகள், கோவில் மண்டபம், சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. பஸ்ஸில் போவோம், பஸ்ஸில் வருவோம். கார்டு அச்சடிக்கவில்லை. எங்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை. அடுத்த விசேஷத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். கப்பல் தளத்தையே நிரப்பும் சத்தம் இல்லாமல் மேடையில் நிற்க முடியாத ஆண்களை அந்த வருஷங்களில் நிறையப் பார்த்தேன். ஹோட்டல்களில் வாசித்தவர்கள், போட்டிகளில் பரிசு வாங்கியவர்கள். என் ஹெட்டைப் பார்த்து அவர்கள் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பதை எப்போதோ விட்டுவிட்டேன்.

அந்த வருஷங்களின் கடைசியில் ஒருநாள் அக்கா போன் செய்தாள். அத்தான் ஜப்பானில் செய்த சின்ன ஆம்ப் ஒன்று வாங்கியிருக்கிறாராம், கையில் தூக்குகிற அளவுதானாம், கையேடு புரியவில்லையாம், வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள். கேட்கச் சொன்னவர் பின்னால் நிற்பது அவள் குரலில் தெரிந்தது. போனேன். கட்டிலளவு அட்டைப்பெட்டியில் புத்தகம் அளவுக்கு ஒரு ஹெட். இனிமேல் இதுதான் காலம், பெரிய பெட்டியெல்லாம் மடையன் தூக்குவது என்று தான் அப்போதே சொன்னதாக அத்தான் எனக்கு விளக்கினார். எந்த ஸ்பீக்கரை மாட்டலாம், எதை மாட்டினால் எரியும் என்று கையேட்டைப் பார்த்துச் சொன்னேன். ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தேன். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் சொன்னேன். அக்கா மீன்குழம்பு வைத்திருந்தாள், சாப்பிட்டேன்.

கிளம்பும்போது இரண்டு பேரும் ஐந்தாவது மாடி லிஃப்ட் வரை இறங்கி வந்தார்கள். அங்கே காத்திருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் அத்தான் புது ஆம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பேச்சுவாக்கில் என்னைக் காட்டி, மச்சினிக்கும் இதுல கொஞ்சம் தெரியும் என்றார்.

"கொஞ்சம் இல்ல" என்றாள் அக்கா. "இவளுக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

குரலை உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டின் எண்களைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்கா அவரை வெளியாள் முன்னால் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. அத்தான் மீசையைத் தடவிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு என்று என்னிடம் சொன்னார். லிஃப்ட் வந்தது. நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது, அக்கா அவருக்காகக் காத்திருக்காமல் படியேறத் தொடங்கியிருந்தாள்.